கருத்துணர்தல் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எப்படி?

ரப்பர் தோட்டத்தைப் பற்றிய பனுவல் (படித்துப் பதில் எழுதக் கொடுக்கும் பகுதி) ஒன்று கருத்துணர்தல் தாளில் வந்தால், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைதான் அதிக மார்க் எடுக்கும் என்று நினைப்போம். என் டியூஷன் வகுப்பில் நான் பார்ப்பது வேறு. தோட்டத்தையே பார்க்காத பிள்ளை, ஒன்றும் தெரியாததால், பனுவலை ஒழுங்காகப் படித்து அதில் உள்ளதை எழுதிவிட்டுப் போய்விடுகிறது. நம் பிள்ளையோ தாத்தா சொன்னது, பாட்டி பட்ட பாடு, லயத்து வீடு (தோட்டத்து வரிசை வீடு), பெரட்டு (காலையில் ஆள் எண்ணும் கூட்டம்), கங்காணி (தோட்ட மேற்பார்வையாளர்) என்று மனத்தில் கிடப்பதையெல்லாம் எழுதிவைக்கிறது. எழுதியது அத்தனையும் உண்மை. மார்க் மட்டும் விழுவதில்லை.

கருத்துணர்தல் என்பது உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்கும் தேர்வு அல்ல. கொடுத்த பனுவல் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்க்கத் தெரிகிறதா என்பதைத்தான் சோதிக்கிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியை முடித்துப் படிவம் 1-க்கு, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டுக்குப் போகிறவர்கள், எஸ்.பி.எம்.மில் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) தமிழ் எடுக்க முதன்முறையாக உட்காரப்போகிறவர்கள், இவர்களை நினைத்து எழுதுகிறேன். நான் இருப்பது பெஸ்தாரி ஜெயா. வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் செம்பனை. சுங்கை சிப்புட்டிலோ கூலிமிலோ தெலுக் இந்தானிலோ இருப்பவர்களுக்கும் கதை இதேதான். 2021-இல் ஆறாம் ஆண்டில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். நின்றது, 2022-இல் மூன்றாம் படிவத்தில் எழுதும் பி.டி.3 நின்றது. ஆண்டிறுதியில் ஊவாசா என்ற பள்ளி அளவிலான தேர்வு இருந்தாலும், அதன்பின் பிள்ளைகளுக்கு முதல் பெரிய அரசுத் தேர்வு எஸ்.பி.எம். என்றாகிவிட்டது. அதற்கு முன் தேர்வு மண்டபத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பனுவல் படித்த அனுபவம் குறைவு. சில இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் வகுப்பே பள்ளி முடிந்த பிறகு, எல்லோரும் களைத்துப்போன நேரத்தில் நடக்கிறது. ஆகவே வழிமுறையை வீட்டிலேயே பழகிக்கொள்வது நல்லது.

வெறும் அறிவுரையாகச் சொன்னால் ஒட்டாது. பயிற்சிக்காக நான் எழுதிய ஒரு பனுவலை வைத்தே போவோம்.

பனுவல்

1877-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. கன்றுகள் நன்றாக வளர்ந்தன. எனினும், அன்றைய தோட்ட முதலாளிகள் காப்பியையே நம்பியிருந்ததால் ரப்பரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி இந்த நிலையை மாற்ற முயன்றார். ரப்பர் விதைகளைச் சட்டைப்பையில் நிரப்பிக்கொண்டு, சந்திக்கும் தோட்டக்காரர்களிடமெல்லாம் கொடுத்து நடச் சொன்னார். பலர் அவருக்குச் செவிசாய்க்கவில்லை. ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று கேலி பேசினர். அவர் சளைக்கவில்லை. மரத்தைச் சாகடிக்காமல், ஒரே வெட்டை மீண்டும் மீண்டும் மெல்லிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையையும் கண்டறிந்தார். அதனால் ஒரே மரத்திலிருந்து பல ஆண்டுகள் பால் எடுக்க முடிந்தது.

1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்பவர் வணிக நோக்கில் ரப்பரைப் பயிரிட்டார். அதே காலத்தில் காப்பியின் விலை சரிந்தது. மோட்டார் வண்டிகள் பெருகியபோது, டயர் செய்ய ரப்பர் தேவைப்பட்டது. தயங்கி நின்றவர்களும் காப்பிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு ரப்பர் நடத் தொடங்கினர்.

முதலில் எதைப் படிப்பது?

பனுவலையா, கேள்விகளையா என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுபடுவார்கள். என் கருத்து இது: பனுவல் ஒரு பக்கத்துக்குள் இருந்தால் பனுவலை முதலில் படியுங்கள். கேள்வியை முதலில் படித்தால் கண் அந்தச் சொற்களை மட்டுமே தேடும். கதை எங்கே திரும்புகிறது என்பது தப்பிவிடும். பனுவல் நீளமாகவோ துண்டு துண்டாகவோ இருந்தால், ஆங்கிலத் தாளில் வருவது போல, கேள்விகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போகலாம். எந்த வழியானாலும் பதில் எழுதத் தொடங்குமுன் பனுவலை முழுதாக ஒருமுறை படித்திருக்க வேண்டும்.

அந்த முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அது எதைப் பற்றியது என்று மனத்துக்குள் நாலைந்து சொல்லில் சொல்லிப் பாருங்கள். மேலே உள்ளதற்கு இப்படி வரும்: கன்று வந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை, ரிட்லி முயன்றார், நிலைமை மாறியது. இவ்வளவு போதும். பிறகு எந்தக் கேள்வி வந்தாலும் எந்தப் பத்திக்குப் போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது வாசிப்பில் பென்சிலை எடுங்கள். பத்திகளுக்கு எண் போடுங்கள். ஆண்டுகளையும் பெயர்களையும் வட்டமிடுங்கள். அதைவிட முக்கியம், ‘எனினும்’, ‘ஆனால்’, ‘அதனால்’, ‘ஏனெனில்’, ‘இருப்பினும்’ போன்ற இணைப்புச் சொற்களுக்குக் கீழே கோடு போடுவது. கேள்வி தயாரிக்கிறவர் உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான். முதல் பத்தியில் ‘எனினும்’ என்ற சொல்லுக்குப் பின்னால்தான் ‘ஏன்’ கேள்வி காத்திருக்கிறது. சில பிள்ளைகள் மஞ்சள் பேனாவை எடுத்துப் பனுவல் முழுக்கப் பூசிவிடுவார்கள். எல்லாமே மஞ்சளானால் எதுவுமே தனியாகத் தெரியாது.

கேள்வி என்ன கேட்கிறது, எவ்வளவு கேட்கிறது

நம் பிள்ளைகள் மார்க்கை இழப்பது பெரும்பாலும் பனுவல் புரியாமல் இல்லை. கேள்வியைப் பாதி படித்துவிட்டு ஓடுவதால்தான். இந்தக் கேள்வியைப் பாருங்கள்.

‘மூன்றாம் பத்தியின்படி, ரப்பர் பயிரிடுதல் பரவியதற்கான இரண்டு காரணங்களை எழுதுக.’

வகுப்பில் இதற்கு வரும் பதில்களில் மூன்று வகை உண்டு. ஒரு பிள்ளை, ‘ரிட்லி பால் எடுக்கும் நல்ல முறையைக் கண்டுபிடித்ததால்’ என்று எழுதும். பனுவலில் இருப்பதுதான். ஆனால் அது இரண்டாம் பத்தி. கேள்வி மூன்றாம் பத்தி என்று எல்லை கட்டியிருக்கிறது. இன்னொரு பிள்ளை, ‘காப்பியின் விலை சரிந்தது’ என்று ஒரே காரணத்தை எழுதிவிட்டு அதையே நான்கு வரிக்கு நீட்டும். பாதி மார்க். மூன்றாவது பிள்ளை, ‘தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் காட்டை வெட்டி, மழையிலும் வெயிலிலும் உழைத்ததால்’ என்று எழுதும். படிக்கும்போது எனக்கே தொண்டை அடைக்கும். வரலாற்றுக் கட்டுரையில் எழுதியிருந்தால் நானே பாராட்டுவேன். இந்தப் பனுவலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பனுவலை எழுதியவர் (நான்தான்) அதை விட்டது சரியா என்பது வேறு வழக்கு. தேர்வில் அந்த வழக்கை நடத்த முடியாது.

எழுத வேண்டியது: ‘காப்பியின் விலை சரிந்ததும், டயர் செய்ய ரப்பர் தேவைப்பட்டதும் ரப்பர் பயிரிடுதல் பரவியதற்கான காரணங்கள் ஆகும்.’ முடிந்தது.

ஆகவே கேள்வியைப் படிக்கும்போது மூன்று இடத்தில் கோடு போடுங்கள். முதலாவது கேள்விச் சொல்: ஏன், எவ்வாறு, யார், எது. அடுத்தது எண்ணிக்கை: இரண்டு, மூன்று. கடைசியாக எல்லை: ‘பனுவலின்படி’, ‘இரண்டாம் பத்தியில்’, ‘உமது கருத்துப்படி’. ‘ஏன்’ என்று கேட்டால் உங்கள் பதிலில் ‘ஆல்’, ‘காரணம்’, ‘ஏனெனில்’ ஏதாவது ஒன்று வந்தே ஆக வேண்டும். ‘எவ்வாறு’ என்று கேட்டால் செயலைச் சொல்ல வேண்டும். ‘ரிட்லி தோட்டக்காரர்களை எவ்வாறு ஊக்குவிக்க முயன்றார்?’ என்ற கேள்விக்கு ‘அவர் விடாமுயற்சி உள்ளவர்’ என்று எழுதினால் அது வேறு கேள்விக்கான பதில். விதைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து நடச் சொன்னார் என்பதுதான் இங்கே செயல்.

கட்டளைச் சொல்லும் அப்படித்தான். ‘குறிப்பிடுக’ என்றால் சுருக்கமாகச் சொன்னால் போதும். ‘விளக்குக’ என்றால் சொன்னதோடு ஏன், எப்படி என்று ஒரு படி மேலே போக வேண்டும். ‘ஒப்பிடுக’ என்றால் இரண்டு பக்கத்தையும் தொட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு மறுபக்கம் தானே புரிந்துவிடும் என்று விடக்கூடாது.

கேள்விகள் பெரும்பாலும் பனுவலின் வரிசையிலேயே வரும். மூன்றாம் கேள்விக்கான விடையை இரண்டாம் பத்தியில் கண்டிருந்தால், நான்காம் கேள்விக்கு மறுபடி முதல் வரியிலிருந்து தேட வேண்டியதில்லை, அங்கிருந்தே தொடருங்கள். முதன்மைக் கருத்து, தலைப்பு, படிப்பினை கேட்கும் கேள்விகள் மட்டும் பனுவல் முழுவதற்கும் சொந்தம். அவற்றைக் கடைசியில் எழுதலாம், தவறில்லை.

சொற்பொருள்

‘செவிசாய்க்கவில்லை என்பதன் பொருள் யாது?’ என்று கேட்டால், ‘காதைச் சாய்க்கவில்லை’ என்று எழுதும் பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் இருக்கும். சொல் தெரியாவிட்டாலும் வழி இருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள வாக்கியத்தைப் பாருங்கள். ரிட்லி நடச் சொன்னார், அவர்கள் கேலி பேசினார்கள். அப்படியென்றால் நடுவில் இருப்பது என்னவாக இருக்கும்? அவர் சொன்னதை ஏற்கவில்லை. இப்போது நீங்கள் கண்ட பொருளை அந்த வாக்கியத்திலேயே வைத்துப் படியுங்கள்: ‘பலர் அவர் சொன்னதை ஏற்கவில்லை, கேலி பேசினர்.’ ஓட்டம் தடைபடவில்லை என்றால் பொருள் சரி.

இதில் ஒரு சின்ன விஷயம். சொல் எதிர்மறையாக இருந்தால் பொருளும் எதிர்மறையாக இருக்க வேண்டும். ‘செவிசாய்க்கவில்லை’ என்று கேட்டிருக்க, ‘கேட்டு நடத்தல்’ என்று எழுதினால் பொருளே தலைகீழ். வினை கேட்டால் வினையில், பெயர் கேட்டால் பெயரில் எழுதுங்கள்.

‘அவர்’ யார், ‘அவை’ எவை?

பனுவலில் ‘அவர்’, ‘அவற்றுள்’, ‘இந்த நிலை’, ‘அம்முறை’ என்று வரும் இடமெல்லாம் அம்புக்குறி போட்டு, எதைச் சுட்டுகிறது என்று இணைத்துவிடுங்கள். ‘இந்த நிலையை மாற்ற முயன்றார்’ என்று இரண்டாம் பத்தியில் வருகிறது. எந்த நிலை? முதல் பத்தியின் கடைசி வாக்கியம். முதலாளிகள் ரப்பரைக் கண்டுகொள்ளாத நிலை. இதை இணைக்காமல் விட்டால், பனுவல் இரண்டு துண்டாகக் கிடக்கும்.

பதில் எழுதும்போதும் இது காலை வாரும். பனுவலில் உள்ள வாக்கியத்தை அப்படியே தூக்கி, ‘அவர் சளைக்கவில்லை’ என்று எழுதினால், திருத்துகிறவருக்கு ‘அவர்’ யார் என்று தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. ‘ரிட்லி சளைக்கவில்லை’ என்று பெயரைப் போட்டு எழுதுங்கள்.

வரிகளுக்கு இடையில் இருப்பதைக் கேட்கும் கேள்விகள்

இங்கேதான் ஏ எடுக்கும் பிள்ளையும் பி எடுக்கும் பிள்ளையும் பிரிகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

‘தோட்டக்காரர்கள் ரிட்லியைப் ‘பைத்தியக்காரர்’ என்று அழைக்கக் காரணம் என்னவாக இருக்கலாம்?’

பனுவலில் இதற்கு நேரான வாக்கியம் இல்லை. ‘அவர்கள் கெட்டவர்கள்’ என்று எழுதினால் அது ஊகம்கூட இல்லை, கோபம். நல்ல ஊகத்துக்குப் பனுவலில் இரண்டு கால் வேண்டும். ஒரு கால் முதல் பத்தியில்: அவர்கள் காப்பியையே நம்பியிருந்தார்கள். இன்னொன்று இரண்டாம் பத்தியில்: அவர் சட்டைப்பையில் விதையோடு போகிற இடமெல்லாம் அதையே பேசினார். இரண்டையும் சேர்த்தால் பதில் கிடைத்துவிடும்: ‘காப்பியையே நம்பியிருந்த காலத்தில், யாரும் பயிரிட விரும்பாத ஒரு மரத்தின் விதைகளை ரிட்லி எல்லாரிடமும் கொடுத்து நடச் சொன்னதால், அவருடைய செயல் அவர்களுக்கு அறிவற்றதாகத் தோன்றியிருக்கலாம்.’ ‘இருக்கலாம்’ என்று கேட்டால் ‘இருக்கலாம்’ என்று முடிப்பது முறை.

பண்பு கேட்கும் கேள்வியும் இதே குடும்பம். ‘ரிட்லியின் இரண்டு பண்புகளைச் சான்றுடன் எழுதுக.’ நம் பிள்ளைகள் கையில் ஒரு நிரந்தரப் பட்டியல் வைத்திருக்கிறார்கள்: நல்லவர், அன்பானவர், உழைப்பாளி, உதவும் மனப்பான்மை உள்ளவர். எந்தப் பனுவல் வந்தாலும் அதிலிருந்து இரண்டை எடுத்து ஒட்டுவார்கள். ரிட்லி அன்பானவரா என்று இந்தப் பனுவலை வைத்துச் சொல்ல முடியாது. கேலி செய்தும் விடாமல் தொடர்ந்தார், ஆகவே விடாமுயற்சி. மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். ஆகவே ஆராயும் குணம். முதலில் செயலைத் தேடுங்கள், பிறகு அதற்குப் பெயர் வையுங்கள். பெயரை முதலில் வைத்துவிட்டுச் சான்று தேடினால் சான்று கிடைக்காது.

உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி என்றதும் பலர் பயந்துபோய்ப் பக்கத்தை நிரப்புவார்கள். ‘தோட்ட முதலாளிகள் ரிட்லியின் பேச்சை உடனே ஏற்காதது சரியா? உமது கருத்தை எழுதுக.’ இங்கே, இங்கே மட்டும், உங்கள் சொந்த அறிவுக்கு இடம் உண்டு. ஆனாலும் முதல் அடி பனுவலில் இருக்க வேண்டும். சரி என்றும் எழுதலாம், தவறு என்றும் எழுதலாம். ‘என் கருத்துப்படி அவர்கள் தயங்கியது சரியே. ஏனெனில், அப்போது காப்பிதான் அவர்களுக்கு நம்பிக்கையான பயிராக இருந்தது. ரப்பருக்கு எவ்வளவு தேவை இருக்கும் என்பது அன்று தெரியாது. இன்றும் சிறுதோட்டக்காரர் ஒருவர் பழகிய பயிரை அழித்துப் புதியதை நடுமுன் பலமுறை யோசிப்பார்.’ நிலைப்பாடு, பனுவலிலிருந்து காரணம், உங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. தாத்தா, பாட்டி, தோட்டம் எல்லாம் தாராளமாக வரலாம், அந்த மூன்றாவது இடத்தில்.

நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

ரிட்லியைப் பற்றிய சரியான கூற்று எது?
அ. எல்லாத் தோட்டக்காரர்களும் அவரைக் கேலி செய்தனர்.
ஆ. அவர் 22 ரப்பர் கன்றுகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்.
இ. அவர் கண்ட முறையால் மரம் நீண்ட காலம் பயன் தந்தது.
ஈ. அவர் தொழிலாளர்களுக்குப் பால்வெட்டக் கற்றுக்கொடுத்தார்.

‘அ’வில் மாட்டியிருப்பது ‘எல்லா’. பனுவலில் ‘பலர்’தான். ‘எல்லா’, ‘மட்டுமே’, ‘ஒருபோதும்’, ‘எப்போதும்’ வந்தால் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ‘ஆ’வில் சொற்கள் அப்படியே பனுவலில் உள்ளவை, ஆனால் கன்று வந்தது 1877, ரிட்லி பொறுப்பேற்றது 1888. ஆண்டுகளை வட்டமிடச் சொன்னது இதற்காகத்தான். ‘ஈ’ நடந்திருக்கலாம், ஆனால் பனுவலில் இல்லை. நம் பிள்ளைகள் விரும்பி விழும் குழி இது. விடை ‘இ’. கவனியுங்கள், ‘நீண்ட காலம்’ என்ற சொல்லோ ‘பயன்’ என்ற சொல்லோ பனுவலில் இல்லை. சரியான விடை பல நேரம் வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வரும். தவறான விடைதான் பனுவலின் சொற்களை அப்படியே உடுத்தியிருக்கும்.

கவிதை, அட்டவணை

கவிதை வந்தால் அணி எங்கே, எதுகை எங்கே என்று உடனே தேடாதீர்கள். முதலில் அதை உரைநடையாக்கிப் பாருங்கள்.

‘வெட்டிய வடுவெல்லாம் வெண்பாலாய்ச் சிரிக்குதடா
கொட்டிய வியர்வைக்குக் கூலியென்ன கண்டோமோ’

மரத்தில் வெட்டிய வடு பாலாய்ச் சிரிக்கிறது. நாங்கள் கொட்டிய வியர்வைக்கு என்ன கூலி கண்டோம்? இப்போது யார் பேசுகிறார் என்று தெரிகிறது, பால்வெட்டும் தொழிலாளி. ‘கண்டோமோ’ என்பது பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அல்ல, ஆதங்கம். உணர்வைக் கேட்கும் கேள்விக்கு விடை அதுதான். ‘வெட்டிய’, ‘கொட்டிய’ எதுகை என்பதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

அட்டவணை, விளம்பரம், அறிக்கை போன்றவற்றுக்கு நல்ல பயிற்சி வீட்டிலேயே இருக்கிறது. அப்பாவின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் எது, ஊழியர் சேமநிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள், சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி) எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு, போன மாதத்தைவிட ஏன் குறைந்தது? இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எந்த அட்டவணையும் பயம் காட்டாது. அப்பாவுக்கும் உதவியாக இருக்கும்.

மலாய், ஆங்கிலத் தாள்கள்

வழிமுறை ஒன்றுதான், கட்டளைச் சொற்கள்தான் வேறு. மலாய்த் தாளில் ‘பெர்டாசார்கான் பெத்திக்கான்’ என்று வந்தால் பனுவலை விட்டு ஓர் அடியும் வெளியே வைக்காதீர்கள். ‘பாடா பெண்டாபாட் அண்டா’ என்று வந்தால் உங்கள் கருத்து. ‘நியாதாக்கான்’ குறிப்பிடுவது, ‘ஹுராய்க்கான்’ விரித்து விளக்குவது. ‘மக்சுட்’ கேட்டால் நான் மேலே சொன்ன மாற்றிவைத்துப் பார்க்கும் முறை. மலாய்ப் பனுவலை வரிக்கு வரி தமிழாக்கிப் படிக்கும் பழக்கம் படிவம் 1-இல் பலருக்கு உண்டு. நேரத்தைத் தின்றுவிடும். பத்தி முடிந்ததும் சாரத்தை மட்டும் தமிழில் சொல்லிக்கொள்ளுங்கள்.

எஸ்.பி.எம். ஆங்கில முதல் தாளில் 40 கேள்வி, ஒன்றரை மணி நேரம். வாசிப்பையும் சேர்த்து ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். பின்னால் மூவெட் (பல்கலைக்கழகம் போக எழுதும் ஆங்கிலத் தேர்வு) எழுதப் போனால் வாசிப்புத் தாளில் அதே 40 கேள்வி, ஆனால் 75 நிமிடம்தான். ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டி ஐந்து நிமிடம் நின்றால், பின்னால் இருக்கும் எளிய கேள்விகள் இரண்டு போய்விடும். ஓரத்தில் ஒரு குறி போட்டுவிட்டு நகருங்கள்.

தமிழ்த் தாளுக்கும் இதே கணக்கைப் போடலாம். மொத்த நேரத்தில் கடைசிப் பத்து நிமிடத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு, மீதியை மொத்த மார்க்கால் வகுத்துப் பாருங்கள். ஒரு மார்க்குக்கு எத்தனை நிமிடம் என்று தெரிந்துவிடும். இரண்டு மார்க் கேள்விக்கு அரைப் பக்கம் எழுதும் ஆசை அப்போது தானாகக் குறையும். ஒதுக்கிய பத்து நிமிடத்தில் மூன்றை மட்டும் பாருங்கள்: எண்ணிக்கை சரியா, ‘அவர்’, ‘அது’ என்று தொங்கும் சொல் இருக்கிறதா, வல்லினம் மிகுதலும் லகர, ளகர, ழகரமும் சரியா. பனுவலிலேயே இருக்கும் சொல்லைத் தப்பும் தவறுமாக எழுதி மார்க்கை விடுவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

வீட்டில் பழகுவது

கடந்தாண்டு வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகச் செய்வதைவிட, வாரத்துக்கு ஒரு பனுவலை எடுத்து நீங்களே கேள்வி தயாரிப்பது பலன் தரும். தமிழ் நாளிதழில் ஒரு செய்தியை வெட்டிக்கொள்ளுங்கள். பனுவலில் நேராக விடை இருக்கும் கேள்வி இரண்டு, ஊகித்துச் சொல்ல வேண்டியது ஒன்று, கருத்துக் கேள்வி ஒன்று. கூடவே, உண்மைபோலத் தோன்றும் ஆனால் செய்தியில் இல்லாத ஒரு தவறான விடையையும் எழுதுங்கள். நண்பனிடம் கொடுத்து அவன் விழுகிறானா என்று பாருங்கள். குழி தோண்டத் தெரிந்தவன் குழியில் விழமாட்டான்.

அம்மா அப்பாவுக்குத் தமிழ் படிக்க வராது என்றாலும் பரவாயில்லை. நீங்கள் உரக்கப் படியுங்கள், அவர்கள் ‘ஏன்?’, ‘அது எங்க போட்டிருக்கு?’ என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். இரண்டாவது கேள்விக்கு விரலை வைத்துக் காட்ட முடியவில்லை என்றால், அந்தப் பதில் உங்கள் தலையிலிருந்து வந்திருக்கிறது.

சரி, தனியே செய்து பார்க்க ஒரு குட்டிப் பனுவல்.

‘செம்பனையின் தாயகம் ஆப்பிரிக்கா. 19-ஆம் நூற்றாண்டில் மலாயாவுக்கு அது அலங்கார மரமாகத்தான் வந்தது. வணிகத்துக்காக முதன்முதலில் நடப்பட்டது 1917-இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். மரம் வந்தது, ஆனால் ஆப்பிரிக்காவில் அதன் மகரந்தத்தைச் சேர்க்கும் வண்டு உடன் வரவில்லை. ஆகவே தோட்டங்களில் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவினர். 1981-இல் கேமரூனிலிருந்து அந்த வண்டு கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. அதன்பின் அவ்வேலைக்கு ஆட்கள் தேவைப்படவில்லை.’

1. ‘அவ்வேலை’ என்பது எதைக் குறிக்கிறது?
2. 1981-க்கு முன் தொழிலாளர்கள் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது ஏன்?
3. ‘வண்டு வந்ததால் தொழிலாளர்கள் வேலை இழந்தனர்.’ இக்கூற்று பனுவலின்படி சரியா?

முதலாவதற்கு விடை, கையால் மகரந்தம் தூவும் வேலை. இரண்டாவது, செம்பனையின் மகரந்தத்தைச் சேர்க்கும் வண்டு அப்போது இங்கே இல்லாததால். மூன்றாவதில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ‘சரி’ என்று எழுதுவார்கள், தோட்டத்தில் வேலை போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஆயிற்றே. அந்த ஒரு வேலைக்கு ஆட்கள் தேவைப்படவில்லை என்று மட்டும்தான் பனுவல் சொல்கிறது. அவர்களுக்கு வேறு வேலை கொடுத்தார்களா, வீட்டுக்கு அனுப்பினார்களா என்று அது சொல்லவில்லை. ஆகவே, ‘பனுவலில் இதற்குச் சான்று இல்லை’ என்று எழுதினால் முழு மார்க்.